பிரைமரைத் தீர்மானிப்பது மருந்துதான்

மேக்னம் ரிவால்வருக்குத் தாமே தோட்டா நிரப்பத் தொடங்குபவர்கள் குண்டின் எடையையும் வெடிமருந்தின் வகையையும் பல நாள் ஆராய்ந்து முடிவு செய்கிறார்கள். தோட்டாக்கூட்டின் அடியில் பொருந்தி, மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் விஷயத்தில் மட்டும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள். சற்றுக் கவனமானவர்கள் என்றால், தோட்டாக்கூட்டின் அடியில் மேக்னம் என்று பொறித்திருப்பதையும் பிரைமர் பெட்டியில் மேக்னம் என்று அச்சிட்டிருப்பதையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று உரியவை என்று முடிவுகட்டுகிறார்கள். இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படையே இல்லை. 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் .357 மேக்னத்தை வெளியிட்டபோதும், 1955-இன் இறுதியில் .44 மேக்னம் வந்தபோதும், அந்தப் பெயர் முந்தைய தோட்டாக்களைவிட இவை வலியவை என்று அறிவிப்பதற்காகச் சூட்டப்பட்டது. பிரைமர் பெட்டியில் உள்ள பெயரோ, உள்ளே எரியும் சுடர் எவ்வளவு சூடானது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதைக் குறிக்கிறது. .357 மேக்னம் கூட்டில் சாதாரண பிரைமரே சரியாக இருக்கும் சந்தர்ப்பங்கள் ஏராளம். மேக்னம் பிரைமர் இல்லாமல் தொடவே கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. எது எப்போது என்பதைக் கூட்டுக்குள் கொட்டப்படும் மருந்துதான் சொல்கிறது.

பிரைமரைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்ப்பது பயனுள்ள பழக்கம். பித்தளையில் அல்லது நிக்கல் பூசிய பித்தளையில் செய்த சிறு கிண்ணம். அதன் அடியில் காய்ந்து இறுகிய வெடிகலவை. கலவையின் மேல் மெல்லிய தாள் அல்லது அரக்குப் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு அல்லது மூன்று கால்களுடன் நிற்கும் அடைகல். துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் அடிக்கும்போது, அந்த அடிக்கும் அடைகல்லின் முனைக்கும் இடையில் கலவை நசுங்கித் தீப்பற்றுகிறது. இன்றைய கலவைகளில் பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட் முதன்மை வெடிபொருளாகவும், பேரியம் நைட்ரேட் ஆக்சிஜன் தருவதாகவும், ஆன்டிமனி சல்ஃபைடு எரிபொருளாகவும் இருக்கின்றன. மேக்னம் வகைகளில் கலவையின் அளவைக் கூட்டுவதும், அலுமினியம் போன்ற உலோகத் துகள்களைச் சேர்ப்பதும் வழக்கம். உலோகத் துகள்கள் வெண்சூடாகி, சுடர்த்துளை வழியாக மருந்துக்குள் பாய்ந்து, வாயு குளிர்ந்த பிறகும் சூட்டைத் தக்கவைத்துக்கொள்கின்றன. சாதாரண பிரைமருக்கும் மேக்னம் பிரைமருக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் வலிமை என்று மட்டும் எண்ணுகிறார்கள். சுடர் நிற்கும் நேரமும் அது ஏந்திச் செல்லும் சூடான துகள்களும் அதற்குச் சமமான முக்கியத்துவம் உடையவை.

இனி மருந்துக்கு வருவோம். மேக்னம் ரிவால்வர்களில் முழு வேகம் வேண்டுபவர்கள் பெரும்பாலும் நாடுவது எச்-110 அல்லது டபிள்யூ-296. இரண்டும் ஒரே மருந்து, இரண்டு பெயர்களில் விற்கப்படுகிறது. இது பால் பவுடர் வகையைச் சேர்ந்தது: நுண்ணிய உருண்டை மணிகள், ஒவ்வொன்றின் மேலும் எரிதலைத் தணிக்கும் இரசாயனப் பூச்சு. அந்தப் பூச்சு இருப்பதால்தான் மருந்து தொடக்கத்தில் மெதுவாக எரிந்து, குண்டு குழலுக்குள் நகரத் தொடங்கிய பிறகும் அழுத்தத்தைத் தளரவிடாமல் தள்ளுகிறது. அதே பூச்சுதான் இதைப் பற்றவைப்பதையும் கடினமாக்குகிறது. இத்தகைய மருந்து நன்றாக எரிய மூன்றும் ஒருசேர அமைய வேண்டும்: கூடு ஏறக்குறைய நிறைந்திருக்க வேண்டும், குண்டு உறுதியாகப் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும், சுடர் போதிய நேரம் நிற்க வேண்டும். ஆகவே தோட்டா நிரப்பும் கையேடுகள் இதற்கு மேக்னம் பிரைமரையே குறிப்பிடுகின்றன. அதோடு, பட்டியலில் உள்ள அளவிலிருந்து மூன்று விழுக்காட்டுக்கு மேல் குறைக்க வேண்டாம் என்று எச்-110-ஐ விற்கும் ஹாட்ஜ்டன் நிறுவனம் எச்சரித்திருக்கிறது. மற்ற மருந்துகளில் பத்து விழுக்காடு குறைத்துத் தொடங்குவது பாதுகாப்பின் முதல் விதி. இந்த மருந்தில் அதே விதியே ஆபத்தாகிவிடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த ஒரு முரணை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும், பிரைமர் தேர்வில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குறைந்த சுடரில் இந்த மருந்து என்ன செய்கிறது என்பதை ஒரு முறை சுடுதளத்தில் நேரில் பார்த்தேன். அருகில் சுட்டுக்கொண்டிருந்தவரின் ரிவால்வரிலிருந்து வழக்கமான முழக்கத்துக்குப் பதிலாக, கதவைச் சாத்தியது போன்ற ஒரு மந்தமான சத்தம் வந்தது. நல்லவேளையாக அவர் அடுத்த முறை விசையை இழுக்கவில்லை. சிலிண்டரைத் திறக்க முயன்றபோது அது அசையவில்லை. குண்டு பாதி சிலிண்டரிலும் பாதி குழலிலுமாகச் சிக்கி நின்றிருந்தது. குழலின் முன்புறமிருந்து மரக்கோல் விட்டுக் குண்டைப் பின்னுக்குத் தட்டிய பிறகு சிலிண்டர் திறந்தது. கூட்டைக் கவிழ்த்துத் தட்டியபோது, மஞ்சள் நிறமேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்ட மருந்து மணிகள் கையில் விழுந்தன. பிரைமர் தன் வேலையைச் செய்திருந்தது. அதன் வாயு குண்டைக் கூட்டிலிருந்து வெளியே தள்ளியிருந்தது. ஆனால் மருந்து சுட்டுப் பொசுங்கியதே தவிர எரியவில்லை. ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில் இப்படி நேர்ந்தால் பெரும்பாலும் இயக்கம் தானே நின்றுவிடும். ரிவால்வரிலோ, குண்டு இன்னும் சற்று முன்னே போய் முழுவதுமாகக் குழலுக்குள் அடைந்திருந்தால், சிலிண்டர் தடையின்றிச் சுழன்று அடுத்த தோட்டாவை அடைபட்ட குழலின் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும். சத்தம் மாறினால் நிறுத்திவிட்டுக் குழலைப் பார்க்க வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்வதற்கு இதுவே காரணம்.

அந்தத் தோட்டாக்களில் பிரைமர் மட்டும் பிழையாக இருந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரைமரின் வாயு மட்டுமே ஒரு குண்டைக் கூட்டிலிருந்து நகர்த்தப் போதுமானது. குண்டு முன்கூட்டியே நகர்ந்தால் மருந்துக்குரிய இடம் பெரிதாகி, அழுத்தம் விழுந்து, எரிதல் தடுமாறும். ஆகையால் மெதுவாக எரியும் மருந்துகளுக்குக் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் நன்றாக மடித்துப் பிடிக்கும் கிரிம்ப் இன்றியமையாதது. பின்னுதைப்பில் மற்ற அறைகளில் உள்ள குண்டுகள் முன்னே நழுவி சிலிண்டரின் சுழற்சியை முடக்குவதைத் தடுப்பதற்காகத்தான் கிரிம்ப் என்று பலர் எண்ணுகிறார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. தளர்ந்த கிரிம்ப்பை மேக்னம் பிரைமரால் ஈடுகட்ட முடியாது.

மறுபக்கம் 2400 என்ற மருந்து. .357 மேக்னத்தோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்ந்த பழைய மருந்து இது; தட்டையான சிறு செதில்களாக இருக்கும்; எளிதில் தீப்பற்றும். பழைய கையேடுகள் சிலவற்றில் இதற்கும் மேக்னம் பிரைமர் குறிப்பிடப்பட்டிருந்தாலும், அனுபவமுள்ளவர்களில் பெரும்பாலோர் இப்போது சாதாரண பிரைமரையே பயன்படுத்துகிறார்கள், நானும் அப்படியே. மேக்னம் பிரைமரை வைத்தால் அழுத்தம் உயர்கிறது. வேகம் அந்த அளவுக்கு உயர்வதில்லை. தோட்டாவுக்குத் தோட்டா வேகத்தில் உள்ள வேறுபாடு சில சமயம் கூடவே செய்கிறது. சூடான சுடர் எப்போதும் சீரான எரிதலைத் தரும் என்ற நம்பிக்கைக்கு இந்த மருந்தே மறுப்பு. யுனிக், எச்பி-38 போன்ற வேகமாக எரியும் மருந்துகளில் மிதமான தோட்டாக்களை நிரப்பும்போது மேக்னம் பிரைமருக்கு வேலையே இல்லை. பெரிய கூட்டுக்குள் சிறிதளவு மருந்து கிடக்கும் அந்நிலையில், துப்பாக்கியைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பின் உயர்த்தினால் மருந்து குண்டின் அடிப்பக்கம் போய்ச் சேரும், மேல்நோக்கிச் சாய்த்தால் பிரைமரின் அருகே சேரும். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானியில் இந்த இரண்டுக்கும் கணிசமான வேறுபாடு தெரியும். அதைப் பிரைமரை மாற்றித் தீர்க்க முயல்வதைவிட, கூட்டை இன்னும் நன்றாக நிரப்பும் மருந்தைத் தேடுவதே மேல் என்பது என் கருத்து.

தயாரிப்பாளர்களின் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிசிஐ நிறுவனத்தில் சிறிய கைத்துப்பாக்கிப் பிரைமர் 500, அதன் மேக்னம் வடிவம் 550. பெரியவற்றில் 300, 350. ஃபெடரலில் சிறியவை 100, 200. பெரியவை 150, 155. வின்செஸ்டர் பெரிய கைத்துப்பாக்கிப் பிரைமரை ஒரே வகையாக விற்று, சாதாரண, மேக்னம் தோட்டாக்கள் இரண்டுக்கும் உரியது என்று பெட்டியிலேயே குறிப்பிடுகிறது. ஆக வின்செஸ்டரின் பெரிய பிரைமர்களில் தனியாக மேக்னம் வகையைத் தேடி ஏமாறத் தேவையில்லை. ரெமிங்டனின் சிறிய வகைகளில் ஒன்றரை என்ற எண் குறைந்த அழுத்தத் தோட்டாக்களுக்கு உரியது; .357 மேக்னத்துக்கு அந்நிறுவனம் ஐந்தரை என்ற எண்ணையே பரிந்துரைக்கிறது. இதற்குச் சுடரைவிடக் கிண்ணத்தின் தடிமனே காரணம்: மெல்லிய கிண்ணம் உயர் அழுத்தத்தில் துளைபட்டு, சூடான வாயு ஊசியின் பக்கமாகப் பின்னோக்கி வரக்கூடும். .357 மேக்னத்தின் உச்ச அழுத்தத்தைத் தரநிர்ணய அமைப்பான சாமி (SAAMI) 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்றும், .44 மேக்னத்துக்கு 36,000 பிஎஸ்ஐ என்றும் வரையறுத்திருக்கிறது. பிரைமர் என்பது தீ மூட்டும் கருவி மட்டுமன்று, அந்த அழுத்தத்தைப் பின்புறத்தில் அடைத்து நிற்கும் மூடியும் அதுவே.

கிண்ணத்தின் கடினத்தன்மையைப் பேசாமல் ரிவால்வருக்கான பிரைமரைப் பேச முடியாது. டபுள் ஆக்‌ஷன் முறையில் விசையை இழுத்துச் சுடும்போது, ஊசியை அடிக்கும் சுத்தியலான ஹேமர் முழுத் தூரம் பின்வாங்காமலேயே விழுகிறது. ஹேமரை விரலால் முன்பே பின்னிழுத்து வைத்துச் சுடும் சிங்கிள் ஆக்‌ஷனில் விழும் அடியைவிட அது சற்று மென்மையான அடி. விசை இலகுவாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சுருள்வில்லையோ பட்டைவில்லையோ தளர்த்திய ரிவால்வரில் அந்த அடி இன்னும் மெலிந்துவிடும். ஃபெடரலின் கிண்ணமும் கலவையும் மென்மையான அடிக்கே தீப்பற்றுபவை என்று பெயர் பெற்றவை. போட்டிகளில் விசையை மிகவும் இலகுவாக்கி வைத்திருப்பவர்கள் வேறெதையும் தொடுவதில்லை. சிசிஐ கிண்ணங்கள் அவற்றைவிடக் கடினமானவை. ஆகவே, சிசிஐ பிரைமரில் ஆறில் ஒன்று வெடிக்காமல் நின்றால், பிரைமரைக் குறைசொல்வதற்கு முன் வில்லை யாராவது தளர்த்தியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் பலவற்றின் பிடியின் முன்பக்கத்தில் பட்டைவில்லை இறுக்கும் திருகாணி ஒன்று உண்டு. அது முழுவதும் இறுக்கப்பட்டிருக்க வேண்டியது. அதை அரைச் சுற்றுத் தளர்த்தினால் விசை இனிமையாகிவிடும், கூடவே இந்தத் தொல்லையும் வந்துசேரும்.

வெடிக்காமல் நின்ற தோட்டாவை மறுபடியும் ஊசிக்கு நேராகக் கொண்டுவந்து அடித்தால், இரண்டாவது அடியில் வெடித்துவிடுகிறதா என்று கவனிப்பது நல்ல சோதனை. வெடித்தால், பெரும்பாலும் குற்றம் பிரைமரிலும் இல்லை, வில்லிலும் இல்லை. பிரைமரைக் கூட்டின் அடியிலுள்ள குழிக்குள் முழுவதும் அமர்த்தாததே காரணம். முதல் அடியின் வலிமை முழுவதும் பிரைமரை அடிவரை தள்ளுவதில் செலவாகிவிடுகிறது. அடைகல்லின் கால்கள் குழியின் தரையைத் தொட்ட பிறகுதான் கலவை நசுங்க முடியும். பிரைமரின் முதுகு கூட்டின் அடிமட்டத்துக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் வரை உள்ளே இருக்க வேண்டும். அளவி எடுக்க வேண்டிய அவசியமில்லை. சுட்டுவிரலைக் கூட்டின் அடியில் ஓட்டினால், நடுவில் ஒரு மெல்லிய பள்ளம் விரலுக்குத் தெரியும். தெரியாவிட்டால் அந்தத் தோட்டாவைத் தனியே வைத்துவிட வேண்டும். ரிவால்வரில் வெளியே துருத்திய பிரைமர் வெடிக்காமல் போவது மட்டுமன்று, சிலிண்டருக்குப் பின்னால் உள்ள சட்டத்தில் உரசிச் சுழற்சியையே நிறுத்திவிடும். குழிக்குள் படிந்த பழைய கரியைச் சுரண்டாமல் விட்டால், புதிய பிரைமர் அந்தக் கரியின் மேல் மெத்தையிட்டு அமரும், விளைவு ஒன்றுதான். வெடிக்காத தோட்டாவைக் கண்டதும் சிலிண்டரைத் திறந்துவிடாமல், குழலைப் பாதுகாப்பான திசையில் அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தாமதமாகத் தீப்பற்றுவது அரிதானாலும் நடக்கக்கூடியதே.

2020-க்குப் பின் வந்த தட்டுப்பாட்டுக் காலத்தில், சிறிய கைத்துப்பாக்கிப் பிரைமர் கிடைக்காதவர்கள் சிறிய ரைஃபிள் பிரைமரை .357 மேக்னத்தில் வைத்தார்கள். வெளியளவில் இரண்டும் ஒன்றே என்பதால் குழியில் சரியாக அமரும். ஆனால் கைத்துப்பாக்கிப் பிரைமரின் கிண்ணம் சுமார் 0.017 அங்குலத் தடிமன் என்றால், ரைஃபிள் பிரைமரில் அது 0.020-இலிருந்து 0.025 வரை போகும். முழு வலிமையுடன் ஹேமர் விழும் ரிவால்வர் அதை வெடிக்க வைக்கும். மென்மையாக்கிய ரிவால்வர் வைக்காது. சுடரும் பொதுவாகச் சூடானது என்பதால், மேக்னம் பிரைமருக்கு மாறியதைப் போலவே கருதி, மருந்தைக் கீழ்வரம்பிலிருந்து மறுபடியும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கீழிறங்கத் தடையுள்ள எச்-110 போன்ற மருந்தில் அந்தப் பிரைமருக்கென்று வெளியிடப்பட்ட அளவு கிடைத்தாலன்றி, இந்த மாற்றத்தை நான் செய்யமாட்டேன். பெரிய பிரைமர்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெரிய ரைஃபிள் பிரைமர் கைத்துப்பாக்கிப் பிரைமரைவிட ஏறக்குறைய 0.008 அங்குலம் உயரமானது; .44 மேக்னம் கூட்டில் வைத்தால் துருத்தி நிற்கும். துருத்திய பிரைமரைப் பின்னுதைப்பில் சட்டம் அடிக்கும் வாய்ப்பை நினைத்துப் பார்த்தாலே போதும்.

கைத்துப்பாக்கித் தோட்டாவாக இருந்தும் ரைஃபிள் பிரைமருக்கென்றே வடிவமைக்கப்பட்டவை சில உண்டு. .454 கசூல் சிறிய ரைஃபிள் பிரைமரை ஏற்கிறது. சாமி வரையறுத்த அதன் உச்ச அழுத்தம் 65,000 பிஎஸ்ஐ என்பதால் தடித்த கிண்ணம் அங்கே கட்டாயம். .460 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் பெரிய ரைஃபிள் பிரைமர். .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில்தான் குழப்பம்: தொடக்ககாலக் கூடுகள் பெரிய கைத்துப்பாக்கிப் பிரைமருக்கான ஆழத்தில் வந்தன, பிறகு ரைஃபிள் பிரைமருக்கு மாற்றப்பட்டு, கூட்டின் அடியில் அதைக் குறிக்கும் ஆர் எழுத்துப் பொறிக்கப்பட்டது. பழைய கூடுகளைக் கலந்து வாங்கியவர்கள் ஒவ்வொன்றின் அடியையும் பார்த்துப் பிரித்துக்கொள்வது நல்லது.

சுட்ட பிறகு பிரைமரைப் பார்த்து அழுத்தத்தைக் கணிக்கலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு நெடுநாள் பிணக்கு உண்டு. தட்டையான பிரைமர் உயர் அழுத்தத்தின் அடையாளம், விளிம்பு உருண்டையாக நின்றால் கவலையில்லை என்பது அவர்கள் வாதம். ஒரே தோட்டா, ஒரே மருந்து, ஒரே அளவு. மென்மையான கிண்ணமுள்ள பிரைமர் அப்பளமாகத் தட்டையாகியிருக்கும், கடினக் கிண்ணமுள்ளது புதிதுபோல் விளிம்பு மழுங்காமல் இருக்கும். வெடிக்கும் கணத்தில் பிரைமர் முதலில் குழியிலிருந்து பின்னோக்கி நகர்ந்து சட்டத்தில் முட்டுகிறது. பிறகு அழுத்தம் ஏறியதும் கூடும் பின்னோக்கி வந்து பிரைமரை மறுபடி தன் குழிக்குள் திணிக்கிறது. தட்டையாவது இந்தத் திணிப்பில்தான். மிக மென்மையான தோட்டாக்களில் கூட்டைப் பின்னுக்குத் தள்ளப் போதிய அழுத்தம் இல்லாததால் பிரைமர் துருத்தியபடியே நின்றுவிடும். அதைக் கண்டு அழுத்தம் மிகுந்துவிட்டது என்று பயந்தவர்களும் உண்டு. மேக்னம் ரிவால்வரில் பிரைமர் தெளிவாக ஓலமிடும் நேரத்தில், அழுத்தம் வரையறையை எப்போதோ தாண்டியிருக்கும். கூடுகள் அறையிலிருந்து விரலால் தள்ளினால் வழுக்கி வருகின்றனவா, வேகமானியில் தெரியும் வேகம் கையேட்டில் உள்ளதை மீறுகிறதா என்ற இரண்டும் பிரைமரின் முகத்தைவிட நம்பத் தகுந்த சாட்சிகள்.

பிரைமர்களை அவற்றின் சொந்தப் பெட்டியிலிருந்து எடுத்து வேறு பாத்திரத்தில் கொட்டி வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது. ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அவற்றை அடுக்கியிருப்பதே, ஒன்று தீப்பற்றினாலும் மற்றவை தொடர்ந்து வெடிக்காமல் இருப்பதற்காகத்தான். ஃபெடரல் பெட்டிகள் மற்றவற்றைவிடப் பெரியவையாக இருப்பதும், உள்ளே பிரைமர்கள் விலக்கி வைக்கப்படுவதும் அந்தக் கலவை கூர்ந்த உணர்வுடையது என்பதால்தான். எண்ணெய் பட்ட கையோடு தொடுவதையும் நான் தவிர்க்கிறேன். எண்ணெய் அரக்குப் பூச்சின் ஓரமாக ஊறி உள்ளே போய்விடக்கூடும்.

நிரப்பி முடித்த தோட்டாப் பெட்டியின் மேல் நான் ஒட்டும் சீட்டில் குண்டின் எடை, மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றோடு பிரைமரின் எண்ணும் அது வந்த பெட்டியின் தயாரிப்புத் தொகுதி எண்ணும் இருக்கும். ஒரே நிறுவனத்தின் ஒரே எண்ணுள்ள பிரைமரிலும் தொகுதிக்குத் தொகுதி சிறு மாறுதல் உண்டு. கையேட்டின் உச்ச அளவை ஒட்டி நிரப்பும் தோட்டாவாக இருந்தால், புதிய தொகுதியைத் திறந்ததும் மருந்து அனுமதிக்கும் அளவுக்குச் சற்றுக் கீழிறங்கி, சில தோட்டாக்களை வேகமானியின் மேல் சுட்டுப் பார்த்துவிட்டே மீதியை நிரப்புகிறேன். நடுத்தர அளவில் 2400 நிரப்பும்போது இவ்வளவு கவனம் தேவைப்பட்டதில்லை. எச்-110 நிரப்பும் நாள்களில் மேசையின் மேல் ஒரே ஒரு பிரைமர் பெட்டிதான் இருக்கும், மற்றவை எல்லாம் அலமாரிக்குள் பூட்டியிருக்கும்.